தேக்கு, பூச்சி அரிக்கவில்லை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சன்னலைச் சாத்த வேண்டாம். அது காற்றுக்குத்தான் ஆடுகிறது... இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

மாலை ஆறே முக்கால் மணி. ரயில் நிலையத்துக்கு அப்பால், தண்டவாளத்தை ஒட்டியே போகும் ஒரு மண்பாதை. இருபுறமும் முழங்கால் உயரப் புல். ஆள் இல்லை, விளக்கு இல்லை, குரைப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை. அந்தப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக ஒருவர் போனார். என்னோடு வேலை பார்த்த நண்பரின் சித்தப்பா அவர். நண்பருக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் இந்தக் கதையை என்னால் இன்றுவரை ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

சித்தப்பா ரயில் பெட்டிப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் பெட்டி அவரை விடவில்லை. எங்கெங்கோ மறந்து நிறுத்தப்பட்ட பழைய பயணிகள் பெட்டிகளைத் தேடிப் போவார். எந்த வருடம் கட்டியது, எதற்காகக் கட்டியது, அதன் கூடப்பிறந்தவை இன்னும் எத்தனை மிச்சம் என்று கண்டுபிடித்து எழுதுவார். அபூர்வமானவற்றை அருங்காட்சியகம் எடுத்துக் காப்பாற்றிவிட வேண்டும்; அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. “உங்க சித்தப்பா பெட்டி வச்சிருக்காராமே, பூட்டு நல்லா இருந்தா ரெண்டு சொல்லு” என்று நண்பரைச் சீண்டாதவர்கள் கிடையாது.

பெட்டியின் வெளியே எழுதிய எண்ணை அவர் ஒருபோதும் நம்பமாட்டார். மனிதன் சட்டை மாற்றுவதுபோலப் பெட்டி சாயம் மாற்றும். ஆனால் கட்டிய தச்சன் வாசற்சட்டத்தின் அடியில் அடித்த முத்திரை மாறாது என்பார். அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியை விரலால் தேய்ப்பார். மரத்துக்குள் புதைந்து கிடந்த எண் வெள்ளையாக எழுந்து வரும்.

அன்றும் எழுந்து வந்தது. பாதையின் முடிவில், புதருக்குள் பாதி புதைந்து நின்றது ஒரு பெட்டி. எல்லாப் பெட்டிக்கும் கதவு ஓரத்தில் இருக்கும். இதற்கு நட்டநடுவில், ஒரு கட்டிலே நுழையும் அகலத்தில். உள்ளே இருக்கை ஒன்றுகூட இல்லை. சுவர் நெடுக இரண்டு அடுக்காக இரும்புக் கொக்கிகள். படுத்த படுக்கையான நோயாளிகளைத் தொங்குபடுக்கையில் கிடத்தி, குலுங்காமல் கொண்டுபோவதற்கென்றே கட்டிய மருத்துவப் பெட்டி. இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றையும் உடைத்தாகிவிட்டது என்று ஏடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். இது ஒன்று தப்பியிருக்கிறது.

சித்தப்பா உள்ளே ஏறி அளவுநாடாவை விரித்தார். நோட்டை எடுத்து எழுதினார். நீளம், அகலம், எண், நிற்கும் இடம், போகும் வழி. கடைசியாக, ‘தேக்கு, பூச்சி அரிக்கவில்லை’. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அபூர்வமானது என்பதற்கு அவர் போடும் அடையாளம் அது.

பினாயில் வாசனை அடித்தது... நிமிர்ந்து பார்த்தார். பெட்டியின் மறுகோடியில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்ஸம்மா. கையில் அரிக்கேன் விளக்கு. பக்கத்தில் எங்கோ ஆஸ்பத்திரி இருக்கிறது போலும், வேலை முடிந்து குறுக்குவழியில் வந்திருப்பார் என்று சித்தப்பா தாமாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார். மனது அப்படித்தான், பயப்பட வேண்டிய இடத்தில் முதலில் காரணம் தேடும்.

“அளக்கிறீங்களே ஐயா, பெட்டியை எடுத்துட்டுப் போகவா?”

“இல்லம்மா. யாரும் கை வைக்காம இருக்கத்தான் எழுதறேன்.”

“எழுதினா விட்டுருவாங்களா?”

“விடுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

அந்த அம்மாள் விளக்கைத் தாழ்த்திக்கொண்டார், பெரிய பாரம் இறங்கியவர் போல. சித்தப்பா கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தார். புல்லில் ஒரே ஒரு தடம்தான் இருந்தது... அவர் வந்த தடம்.

அவர் நோட்டில் அதுவரை சேர்ந்திருந்தவை பன்னிரண்டு பெட்டிகள். அத்தனைக்கும் விவரம் எழுதியாகிவிட்டது. அதை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி தெரியவில்லை. அப்போது சகலை வந்தார். சித்தியின் அக்காள் கணவர், மரக்கடை வைத்திருப்பவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அருங்காட்சியகத்தில் தனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், நேரிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நம் எல்லோருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையில் ஓநாய், ஓநாய் மாதிரி இருக்கிறது. சகலை மாதிரியா இருக்கிறது?

ஏழு வாரம் போயிற்று. ஒருநாள் மத்தியானம், பழைய பணிமனைக் கூட்டாளி ஒருவர் போகிற போக்கில் சொன்னார். ஒதுக்கி நிறுத்தியிருந்த மரப்பெட்டிகளை ஏலத்தில் எடுத்து வரிசையாக அறுக்கிறார்களாம். கண்டதையும் தொடாமல், நல்லதாகப் பார்த்துப் பொறுக்குகிறார்களாம். “யாரோ விஷயம் தெரிஞ்சவன் லிஸ்ட் போட்டுக் குடுத்திருக்கான். ஸ்டார் போட்டதுதான் முதல்ல போகுதாம்.”

சித்தப்பா சகலைக்கு போன் செய்தார். மறுமுனையில் கூச்சமே இல்லை, சிரிப்புதான் இருந்தது.

“என்ன சகல, பெட்டி போனா என்ன, தேக்கு சாகலையே? நீ காப்பாத்தணும்னு சொன்னே. நானும் காப்பாத்தத்தான் செய்யறேன், கதவா, ஜன்னலா. அருங்காட்சியகத்துக்காரன் உன் நோட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். நான் வரிக்கு வரி படிச்சேன்யா.”

அதுதான் சித்தப்பாவைக் கொன்றது. வரிக்கு வரி படித்தவன் ஒருவன்தான்; அவனும் விலைப்பட்டியலாகப் படித்திருக்கிறான். ஆட்டு மந்தையை அறுக்கக் கொண்டுபோகும்போது, முன்னால் நடப்பதற்கென்றே பழக்கிய ஓர் ஆடு இருக்குமாம். மற்றவை அதை நம்பிப் பின்னால் வரும். அந்த ஆட்டுக்கு, தான் என்ன செய்கிறோம் என்று கடைசிவரை தெரியாதாம்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார். மண்பாதைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. புதரை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வெறும் தண்டவாளம். மரத்தூள். துருப்பிடித்த திருகாணிகள். பச்சைத் தேக்கை அறுத்ததுபோல ஒரு வாசனை... அதற்கும் அடியில் பினாயில்.

விளக்கு தெரிந்தது.

நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். சித்தப்பாவின் நெஞ்சு உயரத்தில் அவருடைய பாதங்கள் இருந்தன. பெட்டியின் தளம் எந்த உயரத்தில் இருந்ததோ, சரியாக அதே உயரத்தில். பாதத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் காற்று மட்டுமே இருந்தது. அவருக்கு இருபுறமும், வெறும் அந்தரத்தில், இரண்டு அடுக்காக... படுத்திருந்தார்கள். கழுத்துவரை போர்த்தியபடி. ஓடும் ரயிலில் ஆடுவதுபோல எல்லோரும் ஒன்றாக, லேசாக, இப்படியும் அப்படியும்.

எப்போதும் காரணம் தேடும் மனது, அப்போது எதையும் தேடவில்லை.

நர்ஸம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று சித்தப்பா பிற்பாடு நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

“வந்தவங்க கையில உங்க எழுத்து இருந்துச்சு ஐயா. அதனாலதான் நான் தடுக்கலை.”

சித்தப்பா தான் ஏமாந்ததைச் சொல்லலாம். ஆனால் ஏமாந்தவன் இன்னொருவரை ஏமாற்றிய பிறகு, அவனுக்கு யாரிடம் முறையீடு?

“இவங்களை நான் இனி எங்க படுக்க வைக்கிறது?”

சகலையின் சிரிப்பு காதில் ஒலித்தது. மரக்கடையை மனதில் வைத்துச் சொன்னார்:

“மரம் எங்க போயிருக்கோ, அங்கேயே கூட்டிட்டுப் போங்கம்மா. கேட்டா நான் அனுப்பினேன்னு சொல்லுங்க.”

விளக்கு அணைந்தது. காற்றில் ஆட்டம் நின்றது.

சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டை நெருங்க நெருங்க மனது கொஞ்சம் ஆறியதாம். பழிக்கும் ஒரு குளிர்ச்சி உண்டல்லவா. வாசலில் சித்தி காத்திருந்தாள். கூடத்தின் நடுவில் மெத்தை விரித்த ஒரு புதுக் கட்டில், வார்னிஷ் மின்ன.

அக்காள் வீட்டுக்காரர் சாயங்காலம் வண்டியில் அனுப்பி வைத்தாராம். நோட்டுக்குக் கைம்மாறாம். அசல் தேக்காம், இனி இந்த மாதிரி மரமே கிடைக்காதாம். சித்தி சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். யாரோ ஒரு நர்ஸம்மா வந்தாங்க. நீங்கதான் இங்க அனுப்பினீங்களாமே? இருபத்திநாலு பேராம். அத்தனை பேருக்கு நான் தலகாணிக்கு எங்க போவேன்?”

சித்தப்பா கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் யாரும் இல்லை. மெத்தையின் நடுப்பகுதி மெல்லத் தாழ்ந்தது, அலுத்துப்போன ஓர் உடம்பை யாரோ பதமாகக் கிடத்தியதுபோல. கட்டில் ஒருமுறை முனகியது.

மறுபடி தாழ்ந்தது... மறுபடி முனகியது.

சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்று எண்ணினார். இருபத்திநாலு முறை தாழ்ந்தது. ஒருமுறைகூட எழவில்லை.