மணிக்கட்டில் நான்கு பிறைகள்

ஓடுகிறேன். இடது கையில் மீனு. என் மகள். ஐந்து வயது. அவள் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்திருக்கின்றன. வலிக்கிறது. எல்லையோர ராணுவக் குடியிருப்பு. கணவர் காவல் முனையில் இருந்தார். எல்லைக்கு அப்பாலிருந்து குண்டு விழுகிறது. முதலில் விசில் மாதிரி ஒரு நீளச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் மோசம். பக்கத்து வீட்டு பாபி பதுங்குகுழி வாசலில் நின்று கத்துகிறாள்.

"லேட் ஜாவோ! லேட் ஜாவோ!"

படுக்கச் சொன்னாள். படுத்தேன்.

டும். காது அடைத்தது. ஜெனரேட்டர் கொட்டகையில் டீசல் பற்றியது. என் கழுத்தில் தீ. கையில் தீ. மணிக்கட்டில் பிடி இருந்தது. பிறகு தளர்ந்தது. குண்டுச் சில்லு மீனுவின் முதுகில் பாய்ந்திருந்தது. வாசலில் பாபி இல்லை. வாசலும் இல்லை.

இப்போது புனேயில் இருக்கிறேன். விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் அக்கா வீடு. கணவர் இன்னும் எல்லையில்தான் இருக்கிறார். தொடைத் தோலை எடுத்துக் கழுத்திலும் கையிலும் ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி கிடையாது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவதுபோல் இருக்கும். தழும்பு இறுகிக் கழுத்தை இழுத்துப் பிடித்தது. தலைக்கு மேல் போர் விமானம் போனால் தரையில் குப்புற விழுவேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் அடுப்பை அணைப்பாள். அவளுக்குப் பழகிவிட்டது.

புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு தோல் மருத்துவமனை. லேசர். பழைய தோல் திரும்பி வராது, தழும்பு இளகும், அவ்வளவுதான் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. மரத்துப்போன தோலை மரத்துப்போகச் செய்ய ஒரு களிம்பு தடவினார்கள். சிரிப்பு வந்தது. கண்ணுக்குக் கவசம். டிக். டிக். டிக். முடி கருகும் வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரியும். மேலே விமானம் போகிறது. நான் ஏற்கெனவே படுத்திருக்கிறேன்.

சில மாதங்களில் கழுத்து இளகியது. தலை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா அழுதாள். நான் அழவில்லை.

இன்று கையின் முறை. லேசர் படவேண்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். நர்ஸ் முழங்கையில் தொடங்குகிறாள். பென்சில் இறங்கி வருகிறது. ஒட்டுத் தோல் முடிந்தும் நிற்கவில்லை. மணிக்கட்டையும் சேர்த்து வளைக்கிறாள். அங்கே சின்னதாக நான்கு பிறைத் தழும்புகள். தீ தொடாத இடம். மீனுவின் நகங்கள்.

"அதுவும் போயிடட்டும்டி. வளையல் போட்டா பளிச்சுனு தெரியுது" என்றாள் அக்கா. அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை.

நர்ஸ் இயந்திரத்தை எடுக்கிறாள். கண்ணை மூடச் சொல்கிறாள்.

"மத் சூவோ! தொடாதே!"

கத்தியது நான்தான். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் கத்துகிறேன். நர்ஸ் இயந்திரத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"மீனு பிடிச்ச இடம்க்கா அது."

அக்கா ஈரப் பஞ்சை எடுத்தாள். மணிக்கட்டில் இருந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்தாள். பஞ்சின் குளிர்ச்சி எனக்குத் தெரிந்தது.

போனவற்றைச் சொல்கிறேன். மீனு. பாபி. குடியிருந்த வீடு. கழுத்துத் தோல். கைத் தோல். அவற்றை மூடக் கொடுத்த தொடைத் தோல். லேசரில் தழும்பின் முரடு கொஞ்சம்.

நகத் தழும்புகள் நான்கு. நான்கும் இருக்கின்றன.