குறை சொன்னவருக்குக் கேக்

உங்கள் காரின் ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஞாபகம் இருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. யாருமே பார்ப்பதில்லை. பஞ்சர் ஆகும்வரை எல்லா ஸ்டெப்னியும் நல்ல ஸ்டெப்னிதான்.

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு நான் தலைவனாக வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. மலைகளுக்கிடையே நுழையும் ஃபியோர்டு என்ற கடல்கழியின் கரையில் சின்ன நிலையம், இரண்டே வண்டி. காலையில் ஷிப்ட் மாறும்போது வண்டியில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தார்கள். கையில் காபியோடு கதவைத் திறந்தார்கள், மூடினார்கள்.

நான் யாரையும் அதட்டவில்லை. அதட்டினால் ஆட்கள் தப்பை மறைப்பார்களே தவிர திருத்த மாட்டார்கள். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். வண்டியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சொல்பவருக்கு வெள்ளிக்கிழமை கேக். தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டாலும் கேக்தான். பேக்கரிக்காரி போர்ஹில்ட் செய்யும் பாதாம் கேக். அதன் கடைசித் துண்டுக்காக இந்த ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் இருந்ததுண்டு.

முதல் சில வாரங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேக் மேசையில் காய்ந்தது.

"என்ன பாஸ், நாங்க எல்லாம் சொக்கத் தங்கமா இருக்கோம்னு உனக்கு வருத்தமா?" என்றாள் சோல்ஃப்ரிட். வண்டி ஓட்டுவதிலும் சரி, வாயடிப்பதிலும் சரி, அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வருத்தம்தான். குறையே இல்லாத நிலையம் உலகத்தில் இல்லை. தேடாத நிலையம்தான் உண்டு. ஆகவே, தேடினால் கிடைக்கும்படி ஒன்றை நானே வைத்தேன்.

முதலில் டார்ச்சின் பேட்டரியை எடுத்தேன். கண்டுபிடித்தார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு கட்டுத்துணிப் பெட்டி. பிறகு கொஞ்சம் பெரிதாக. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. மற்ற நிலையத்தார் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். விசாரிக்க வந்த நீங்கள் வண்டிக் கொட்டகைக் கேமராவில் பார்த்த ஆள் நான்தான். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் செய்தேன்.

அந்த வியாழக்கிழமை விடிவதற்கு முன், கையில் தூக்கிப் போகும் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துவிட்டுக் காலிச் சிலிண்டரை வைத்தேன். காலையில் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அழைப்பு வந்துவிட்டது. சோல்ஃப்ரிட்டும் அவள் கூட்டாளி ஸ்டெய்னரும் ஓடி ஏறினார்கள்.

வாசலில் கண்ணாடியை இறக்கி சோல்ஃப்ரிட் என்னிடம் சொன்னாள்: "டோர்லெய்வ், நம்ம போர்ஹில்டுக்கு மூச்சு முட்டுதாம். நாளைக்கு உன் கேக் கோவிந்தா."

"வாயைக் கழுவு. பேசாம ஓட்டு," என்றான் ஸ்டெய்னர்.

நான் கையசைத்தேன்.

போர்ஹில்டின் வீடு மேட்டில் இருக்கிறது. வண்டி போகாது. பனி உறைந்த படிகளில் ஏறித்தான் போக வேண்டும். வயர்லெஸ் என் இடுப்பில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நிறைந்த சிலிண்டரை இரண்டாவது வண்டியில் நானே கொண்டுபோயிருக்கலாம். யோசித்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதன்பின் எந்தக் குறையையும் நம்ப மாட்டார்கள். கட்டியதெல்லாம் இடிந்துவிடும். இனி வரப்போகும் எத்தனையோ நோயாளிகளையும் நான் நினைக்க வேண்டியிருந்தது. அதோடு, சோல்ஃப்ரிட் போகிற வழியில் ஒரு பார்வை பார்ப்பாள் என்று நம்பினேன். ஆட்கள்மேல் நம்பிக்கை வைப்பவன்தானே தலைவன். காபியைக் குடித்து முடித்தேன்.

வண்டிக்குள் இருந்த பெரிய சிலிண்டர் நிறையத்தான் இருந்தது. போர்ஹில்டைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி இறங்கினார்கள். பாதிப் படியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சோல்ஃப்ரிட் தானாகவே எழுந்தாள்.

"சிலிண்டர் முள்ளு பூஜ்யத்துல நின்னுச்சு. கிளம்பறப்ப ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா போதும். நான் பாக்கல. போர்ஹில்ட் என் கையைப் புடிச்சுக்கிட்டே போனா."

"நானும்தான் பாக்கல. நீ மட்டுமா வண்டில இருந்த?" என்றான் ஸ்டெய்னர்.

"இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்றதில்ல, சோல்ஃப்ரிட்," என்றேன். "எல்லார் முன்னாடியும் சொன்ன பாரு, அதுக்கே தைரியம் வேணும்."

வழக்கம் வழக்கம்தான். கேக்கை அவள் முன்னால் வைத்தேன். அன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் வாங்க வேண்டியதாயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"இது அவ செஞ்சதில்ல," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நல்ல பெண். தன் தப்பைத் தானே சொல்லும் அளவுக்கு என் நிலையம் வளர்ந்துவிட்டது என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை சோல்ஃப்ரிட்டின் சீருடை என் நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்டெய்னர் தனியாக வண்டியைப் பார்த்தான். சளி உறிஞ்சும் கருவியில் பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னான். மிச்சமிருந்த கேக்கை அவனுக்குக் கொடுத்தேன்.