முகாமில் நான் பார்த்த வேலை

வெள்ளிக்கிழமைகளில் முகாமில் ஐஸ்கிரீம் போடுவார்கள், சார். பிஸ்தாதான் முதலில் தீரும். போர் நடக்கிற இடத்தில் ராணுவ முகாம் என்றால் எந்நேரமும் குண்டும் புகையுமாக இருக்கும் என்று நம் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த போர் பெரும்பாலும் சாப்பாட்டு வரிசைதான். சிப்பாய்கள் காலையில் எடை தூக்குவார்கள். மத்தியானம் வீடியோ கேம் ஆடுவார்கள், அதிலும் சுட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். சாயங்காலம் மனைவியோடு போனில் சண்டை. நடுவில் எங்கிருந்தோ ஒரு டிரோன் வரும், அபாயச் சங்கு ஊதும், எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடுவோம். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவார்கள்.

எந்த நாடு, யாருடைய ராணுவம் என்று வெளியே சொல்லமாட்டேன் என வேலைக்குச் சேரும்போது வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதையாவது காப்பாற்றலாம் என்று பார்க்கிறேன்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். சிப்பாய்களின் கழிப்பறைகள் என் பொறுப்பு. ஒரு ராணுவத்தின் வீரத்தை அங்கேதான் சரியாகப் பார்க்க முடியும். முதல் டிரோன் விழுந்த அன்றைக்கு எனக்கு இரட்டை வேலை.

ஊரில் இதைச் சொல்லவில்லை. முதலில் பொய்யென்றும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சிப்பாய் விளையாட்டாகத் தன் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, கவச அங்கியையும் மாட்டிவிட்டுப் படம் எடுத்தான். அதை அம்மாவுக்கு அனுப்பினேன். எங்கள் அம்மா கமருன்னிஸாவுக்கு ஒரு படம் போவதும் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவதும் ஒன்றுதான். அந்த வாரமே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘எல்லை காக்கும் எங்கள் சிங்கம் ஜாஃபர் சாதிக்’. எந்த நாட்டு எல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிவாசலில் அத்தாவுக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். திருவையாற்றிலிருந்து அனீஸா வீட்டார் சம்பந்தம் பேச வந்தார்கள். அவள் ஸ்கூல் டீச்சர். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தவள், என் படத்தைப் பார்த்துச் சரி என்றாள். போனில் ஒன்றுதான் கேட்டாள், அங்கே பயமாக இருக்காதா என்று. பழகிவிட்டது என்றேன். அது உண்மைதான்.

ஆஸிமுக்கு மட்டும் எல்லாம் தெரியும். எங்கள் தெருக்காரன். அதே முகாமில் ரொட்டி சுடுகிற வேலை. இரவெல்லாம் அடுப்படி, பகலில் தூக்கம். கோபப்படத் தெரியாத ஆள். மிஞ்சிய இனிப்பு ரொட்டியை எனக்கென்று துணியில் சுற்றி வைப்பான். அந்த ஃப்ளெக்ஸை அவன் மனைவி சுமையா படமெடுத்து அனுப்பியபோது, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தான். ஆனால் அவளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

என் கல்யாணத்துக்காக இருவரும் ஒன்றாக விடுப்பு எடுத்திருந்தோம். அதற்குச் சில வாரம் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாப்ள. ஆனா நிக்காஹ்வுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு. கக்கூஸ் கழுவுறதுல ஒரு கேவலமும் இல்ல.”

“சொல்லலேன்னா?”

“சொல்லலேன்னா விடு. நான் என்ன பண்ணப்போறேன். அவங்க முகத்தப் பாத்துப் பேசத்தான் எனக்குச் சங்கடமா இருக்கும்.”

அவ்வளவுதான் சார். அவன் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டுக்கு வந்து, அனீஸாவின் முகத்தைப் பார்க்காமல் பிரியாணித் தட்டையே பார்த்துக்கொண்டு உட்காரப்போகிற ஒருவனை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் எப்படிக் குடும்பம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் குடியிருப்பு முகாமின் ஓரத்தில் இருந்தது. வரிசையாகத் தகர அறைகள். ஏசி இரைச்சலில் பகலில் தூங்குகிறவர்களுக்குச் சங்கு கேட்காது. அதனால் ஒருவனுக்கு மஞ்சள் சட்டை மாட்டி, சங்கு ஊதினால் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் குழிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவன் நான். முகாமில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. ஒழுங்காகத்தான் பார்த்தேன்.

அன்றைக்கு வெயில் ஏறிய நேரத்தில் சங்கு ஊதியது. எல்லாக் கதவையும் தட்டினேன், ஆஸிமின் கதவைத் தவிர. அவசரத்தில் ஒரு கதவு விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். அங்கே விசாரித்த அதிகாரிகளும் அப்படியே முடித்துக்கொண்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். டிரோன் சிப்பாய்களைத் தேடித்தான் வந்தது. குறி தப்பி எங்கள் பக்கம் விழுந்தது.

அவன் சவப்பெட்டியோடு ஊருக்கு வந்தது நான்தான். ‘சக வீரனைச் சுமந்து வந்த சிங்கம்’ என்று இன்னொரு ஃப்ளெக்ஸ். அதில் ஆஸிம் தலையிலும் ஹெல்மெட் இருந்தது, கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது. சுமையா திரைக்குப் பின்னாலிருந்து, “கடைசியா ஏதாச்சும் பேசினாரா அண்ணே?” என்று கேட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டான் என்று சொன்னேன். அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மறுமாதம் என் கல்யாணமும் நடந்தது.

எங்களோடு முகாமில் வேலை பார்த்துவிட்டு இப்போது திரும்பிய சலாஹுதீன், அன்றைக்குக் குழிக்கு ஓடும்போது அந்த அறைக்கு வெளியே கொண்டி போட்டிருந்ததைப் பார்த்ததாகச் சுமையாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் சொல்வது சரிதான். மணற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க எல்லா அறைக்கும் வெளியே கொண்டி உண்டு. போட்டது நான். அன்றைக்கு மட்டும் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு தினமும் காலையில் அவன் தூங்கியதும் போட்டுவிட்டு, எழுந்திருப்பதற்குள் எடுத்துவிடுவேன். டிரோன் வருவதும் வராததும் மேலே இருக்கிறவன் கையில் என்று விட்டுவிட்டேன். என் கையில் இருந்தது கொண்டி மட்டும்தான்.

தூக்கத்திலேயே போனான் என்பதும் சரியில்லை. எழுந்துவிட்டான். உள்ளேயிருந்து தட்டினான். மற்றவர்களை அனுப்பிவிட்டு நான் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். நான் நிற்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“ஜாஃபரா? கதவு சிக்கிக்கிச்சு மாப்ள. நீ நிக்காத, ஓடிரு.”

அவன் சொன்னபடியே ஓடினேன்.

தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்றே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தொழில் என்ற இடத்தில் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட்டு, ராணுவம் என்று போட்டுவிடுங்கள் சார். வெளியே பெஞ்சில் அனீஸா உட்கார்ந்திருக்கிறாள். படித்தவள், வாங்கி வாசித்துப் பார்ப்பாள். என்னைப் பற்றி அவளுக்குத் தப்பாக எதுவும் தோன்றிவிடக்கூடாது.