மசில் காரின் சாதகம்

வங்கிகள் சரிந்த மறுவருடம், 2009இல் ஒரு வெள்ளிக்கிழமை. லண்டனில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர். இளையவரின் மடியில் அர்ச்சனைப் பை.

“காருக்கு ஏழரைச் சனி, அண்ணை.”

“எந்தக் காருக்கு?”

“என்ர அமெரிக்க மசில் காருக்குத்தான், அந்தப் பெரிய எஞ்சின் வைச்ச பழசு. எழுபதாம் ஆண்டுப் பிறப்பு. போன வருசம் கேட்ட விலையில இப்ப பாதிக்கும் ஆளில்லை. சாத்திரியார் சாதகம் குறிச்சுப் பாத்தவர். சனி விடுமட்டும் விக்க வேண்டாமாம்.”

“பிறந்த நேரம் எப்பிடித் தெரியும்?”

“ஃபக்டரியில காலமை ஷிப்ட் எட்டு மணிக்குத்தானே தொடங்கும். எட்டு எண்டு குடுத்தனான்.”

பெரியவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“லண்டன் நேரமோ, அமெரிக்க நேரமோ?”

“லண்டன் நேரம்.”

“அப்ப அது வேற ஏதோ காரின்ர சாதகமடா.”

ஆர்ச்வே வந்தது. இளையவர் எழும்பவில்லை.

“அப்ப என்ர காருக்கு ஏன் அண்ணை விலை விழுந்தது?”