தேசப்பன் படகின் நான்கு ராக்கர் ஆர்ம்கள்

பெயர்: ஷஃபியுல்லா, வயது 43, த/பெ அப்துல் அஹத். விலாசம்: பள்ளிவாசல் பின்தெரு, கோவளம். தொழில்: படகு இன்ஜின் மெக்கானிக்.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் குடியிருந்துகொண்டு, மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை செய்து வருகிறேன். என்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள்கூட, என்னைத் திருடன் என்று சொன்னதில்லை.

எங்கள் கரையைச் சேர்ந்த தேசப்பன், தன் படகின் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். கடந்த வெள்ளிக்கிழமை மேல்வேலை மட்டுமே பாக்கி இருந்தது. வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம் என்கிற இரும்புக் கைகள் நான்கையும் மாட்டி, இடைவெளி சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கையும் தன் வால்வோடு தேய்ந்து பழகியது, இடம் மாறினால் ஒத்துப்போகாது. ஆகவே எது எந்த வால்வுக்கு என்ற வரிசையில் அவற்றைப் படகருகே விரித்த சாக்கின்மேல் அடுக்கிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போனேன்.

அதன் பிறகு திரும்பி வந்தபோது சாக்கு காலியாக இருந்தது. தேசப்பனின் மனைவி வச்சலா, வெள்ளிக்கிழமை என்பதால், நான்கையும் எடுத்து ஓரத்தில் மட்டும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் விளக்கைச் சுற்றி அடுக்கிச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்த, எப்டி கீது?" என்று கேட்டார். நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. வரிசை போச்சே என்று நினைத்தேன், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனசு வரவில்லை. சூடம் அணைந்த பிறகு நான்கையும் ஒரே டீசல் வாளியில் போட்டுக் கழுவி, குத்துமதிப்பாக மாட்டி, இடைவெளி அளக்கும் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்துச் சரிவைத்து, நட்டை முறுக்கினேன். தகடு சரியாகத்தான் போய் வந்தது. ஆனால் இன்ஜினை ஓட்டியதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் சத்தம் வந்தது.

மறுநாளும் சத்தம் போகவில்லை. அதன் பிறகு தேசப்பன் கரையில் எல்லோர் முன்னாலும், "என் இன்ஜின் சாமானை உருவிட்டு காயலாங்கடை சரக்கை மாட்டிக்கீறான்" என்று சொல்லிவிட்டு இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். எனக்கு மனசு கொதித்தது. திருடன் என்று பெயர் வாங்கியவன் கையில் இனி யார் இன்ஜினைக் கொடுப்பார்கள்? ஆனாலும் வச்சலாவுக்கு வீட்டில் ஏச்சு விழுமே என்று தாம்பாளத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

இன்று காலை உதவி ஆய்வாளர் தமிழரசி அவர்கள் என்னை விசாரித்துக்கொண்டிருந்தபோது வச்சலா செல்போனோடு உள்ளே வந்தார். "எங்க சாமான் எப்டி இருந்துச்சுன்னு பாருங்க மேடம். ஸ்டேட்டஸ்ல வச்சேன், ஊரே பாத்துச்சு, இந்தாளுதான் பாக்கல" என்று அங்கே உட்கார்ந்திருந்த கணவரைக் காட்டினார். தாம்பாளமே வெளியே வந்துவிட்டதால் நானும் வரிசை கலைந்த கதையைச் சொன்னேன். உடனே வச்சலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு கலைச்சது? சாக்குல இருந்த வரிசப்படி மொத சாமானை வெளக்குக்கு முன்னாடி வச்சு, அப்டியே வலமா சுத்தி வச்சுகினு வந்தேன். சாமிக்கு வைக்கிறத கண்டமேனிக்கா வைப்பாங்க?" என்றார். வரிசையைக் கலைத்தது என் டீசல் வாளிதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உதவி ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு காவலர் மோசஸ் உடன்வர எல்லோரும் கரைக்குப் போனோம். நான் இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினேன். வச்சலா செல்போனில் எடுத்திருந்த தாம்பாளப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், ஒன்றில் அரம் பட்ட கீறல், ஒன்றில் மூக்கோரம் உடைசல், ஒன்றில் கருப்புத் தழும்பு, ஒன்று மொழுமொழுவென்று இருந்தது. இன்ஜினில் இருந்தவையும் அதே நான்குதான். தேசப்பன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். படத்தில் உள்ள வலச்சுற்றுப்படியே மாட்டி மறுபடி இடைவெளி வைத்தேன். ஓட்டியதும் சத்தம் அடங்கியது.

தேசப்பன், "தப்பா பேசிட்டேன் நைனா" என்று கரையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். திருடன் என்று என்னைச் சொன்னபோதும் இதே ஆட்கள்தான் நின்றார்கள் என்பதால் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதன் பிறகு வச்சலா குங்குமச் சிமிழோடு வந்து, வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். "தாராளமா வைம்மா, மூடிமேல வை" என்றேன்.

எனக்கு யார் மீதும் குறை இல்லை. நான் சொன்னதை எழுதி எனக்கே படித்துக் காட்டினார்கள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. நான்கையும் ஒரே வாளியில் போட்டது நான்தான் என்பதை விட்டுவிடாமல் எழுதச் சொன்னதும் நானே.

(ஒப்பம்) ஷஃபியுல்லா