ஈரச் சாயத்தில் ஒட்டும் தூசி

எனக்கு ஒரு மணிக்கெல்லாம் பசித்துவிடும். பசித்தாலும் தனியாக உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஆட்களோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய உடம்பு. நீங்கள் நிர்மலாதேவியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். இதிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கலைமணி, வயது ஐம்பத்து மூன்று. கட்டிக்கொள்ளவில்லை. அதியமான்கோட்டையில் பைபாஸை ஒட்டி ஒற்றை அறை எடுத்து, பழைய தோல் கைப்பைகளைப் புதுப்பித்து விற்கிறேன். பெங்களூரிலிருந்து மூட்டையாக வரும். அழுக்கெடுத்து, வெடிப்பை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் ஏற்றி, பிரிந்த உள்துணியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டினால் புதுசு போல ஆகிவிடும். போனில் படம் போட்டால் இரண்டே நாளில் விற்றுவிடும்.

நிர்மலா மூன்று வருஷம் முன்பு வேலைக்கு வந்தாள். முப்பத்தொரு வயது, புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வாய் ஓயாது.

"ஏங்க்கா, இந்தப் பைக்கு உங்க வயசு இருக்கும் போல. இந்தச் சாயத்த உங்க மூஞ்சிக்கும் ஒரு கை பூசுனா மாப்ள பாத்துரலாம்."

"வேலயப் பாருடி."

"பாத்துக்கிட்டுதாங்க்கா இருக்கறேன். மீச வெச்ச மாப்ளயா, வெக்காததா?"

மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம். மொச்சைக்கொட்டைக் குழம்பு நன்றாக வைப்பாள்.

போன தை மாதம் சொன்னாள். "அக்கா, ஓசூர்ல போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம். தங்கறது, சோறு, பஸ்ஸு எல்லாம் அவங்களே. ஆவணில டெஸ்ட்டு. நான் போய்ட்டா நீங்க ஒண்டியாயிடுவீங்க, அதாங்க்கா கஷ்டமா இருக்குது."

"போடி, எனக்கென்ன" என்றேன்.

அந்த வாரம்தான் என் பழைய ஷூ கம்பெனியில் ஓட்டிய அதே சொல்யூஷனில் ஒரு டின் வாங்கினேன். கம்பெனியில் அதைப் பூசி ஒட்டும் கூடத்தில் மாயவன் என்று ஒருவன் இருந்தான். ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் கேட் வரை நடந்துபோனான். ஆறு மாதத்தில் நடக்கவே முடியாமல் ஆன அவனை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூடிய அறையில் அந்த நெடி தங்கினால் காலில் தொடங்கிக் கை வரைக்கும் நரம்பு செத்துப்போகும் என்று ஒரு டாக்டர் வந்து எங்கள் எல்லாருக்கும் சொன்னார். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

ஜன்னலைச் சாத்தினேன். ஈரச் சாயத்தில் ரோட்டுத் தூசி ஒட்டினால் பை கெட்டுவிடும். இந்த வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேனைக் கழற்றி, ரிப்பேர் என்று சொல்லி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அவளை உள்ளே ஒட்டுகிற வேலையில் உட்கார வைத்துவிட்டு, நான் வாசலில் நாற்காலி போட்டுத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றுகிறது என்பாள். மோர் கலக்கிக் கொடுப்பேன்.

வைகாசியில் "கால் மதமதன்னு இருக்குதுங்க்கா" என்றாள்.

"சக்கரையா இருக்கும். களி சாப்புடு."

ஆடியில் ஒரு சாயங்காலம் அவள் செருப்பு ஒன்று படியில் கிடந்தது. அவள் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டிருந்தாள். நானே எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஆவணி டெஸ்ட்டில் குட்டி குட்டி ஸ்குரூக்களை எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்து அழுதாள். "நிக்கலீங்க்கா. ஒண்ணுகூட வெரல்ல நிக்கலீங்க்கா." முகத்தைத் துடைத்துவிட்டேன். சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டினேன். நானும் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதோடு ஜன்னலைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள்.

ஐப்பசியில் பஸ் படி ஏற முடியாமல் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் தையல் என்று மட்டும் சொல்லச் சொன்னது நான்தான். அப்படியே சொன்னாள். காலைத் தட்டிப் பார்க்கக் குனிந்த டாக்டரம்மாவுக்கு அவள் சேலையிலிருந்த நெடி தெரிந்துவிட்டது. அவர்தான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களுக்குச் சொன்னார். பழையபடி நடப்பாளா என்று அவருக்கே தெரியவில்லை என்கிறீர்கள்.

அவள் வராததிலிருந்து ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். லாரிச் சத்தம்தான் உள்ளே வருகிறது.

டின்னை வாங்கியது நான். ஜன்னலைச் சாத்தியது நான். ஃபேனைக் கழற்றியது நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒருநாளும் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, மனம் நோக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் அவள் வேலைக்கு வந்த பதினோரு நாளுக்கு நான் இன்னும் கூலி கொடுக்கவில்லை. அவளுக்கு நான் பட்ட கடன் அது ஒன்றுதான்.