டானிகாவுக்கு ஒரு பிரெட்

— அதையா? வை, வை. பழுப்பா இருந்தா உடம்புக்கு நல்லதுன்னு எவன் சொன்னான் உனக்கு?

— கவர்ல கோதுமைக் கதிர் போட்டிருக்கே, வெஸ்னா.

— படத்தையா திங்கப் போறே? பின்னாடி திருப்பிப் படி. முதல்ல என்ன மாவு எழுதியிருக்கான்?

— எழுத்தா இது, எறும்பு. கண்ணாடிய வண்டியில விட்டுட்டேன். நீயே படியேன்.

— இந்தா பாரு, வெறும் கோதுமை மாவு. மைதாதான். நிறத்துக்கு எதையோ கலந்திருக்கான். முழுக் கோதுமைன்னு முதல்ல இருக்கணும், மிலன்.

— அப்பல்லாம் நம்ம வீட்ல எப்பவும் வெள்ளை பிரெட்தானே வாங்குவே?

— நீதான் வேற எதையும் தொடமாட்டியே! சரி, என்னைக் கடையில பார்த்தாலே அடுத்த வரிசைக்கு ஓடற ஆளு, இன்னிக்கு என்ன அதிசயம்? டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— அட, எனக்கென்ன. டானிகாவுக்கு. சனிக்கிழமை அடிலெய்டு பஸ்ல வர்றா.

— யாரு... டானிகாவா?

— உன் மகதான். நாம பிரிஞ்சப்புறம் மொதல் தடவையா அப்பன் வீட்டுக்கு வர்றா. என்ன, அலமாரிப் பக்கம் திரும்பிட்டே?

— ஒண்ணுமில்ல. இதைப் பாரு, விதை போட்டது. நார்ச்சத்து இருக்கு, உப்பு கம்மி. அவ இதைத்தான் சாப்பிடுவா.

— கிளித்தீவனம் மாதிரில்ல இருக்கு. ரெண்டு எடுத்துக்கறேன்.

— ரெண்டு எதுக்கு? ஒண்ணே மிஞ்சும்.

— நாலு நாள் இருப்பாளே. அவளுக்குன்னு பூமிக்கடியில, வீட்டோட சேர்த்து, பாறையில ஒரு அறை குடைஞ்சிருக்கேன். வெளிய என்ன வெயில் அடிச்சாலும் உள்ள தெரியாது. அவ பாட்டுக்குத் தூங்கலாம்.

— அறையா? தனியாவா குடைஞ்சே?

— சுரங்கத்துல ஓபல் கல்லு தோண்டற கைதானே. ராத்திரியில வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்றது?

— மிலன்... அவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை ஜாஸ்தி. லீவு கிடைக்கறது கஷ்டம்.

— அதனாலென்ன, ரெண்டா எடுத்துக்கறேன்.

— அதான், ஒண்ணு போதுங்கறேன். பிரிச்சதும் பாதியை ஃப்ரீசர்ல போட்டுடு. வேணுங்கறப்ப ரெண்டு துண்டு எடுத்து வாட்டிக்க.

— நீ அப்படித்தான் பண்றியா?

— ஒத்தையா இருக்கறவ வேற எப்படிப் பண்ணுவா?

— அந்தக் கறுப்பு பிரெட் எப்படி? கம்பு மாதிரி ஏதோ...

— ரைன்னு ஒரு தானியம். நல்லதுதான். ஐயோ மிலன், கீழ வை அதை. என்னால முடியல. நேத்து டானிகா போன் பண்ணினா. அவ வரலை. அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மான்னு அழுதா.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— காலையில மனசு கேக்காம அவளே எனக்கும் போன் பண்ணிட்டா. பாவம்.

— தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் பிரெட்டு பிரெட்டுன்னு என் உயிரை எடுத்தே? எதுக்குய்யா?

— பால் வாங்கத்தான் வந்தேன், வெஸ்னா. நீ இங்க நின்னுக்கிட்டிருந்தே. வேற என்ன கேட்டா எங்கூடப் பேசுவேன்னு தெரியல.